சார் பார்க்கும்போது மட்டும் நிற்கும் மீட்டர்

மார்ச் 3, திங்கள்

மீட்டர் இன்றும் நின்றது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, டெஸ்ட் பாதியில் இருக்கும்போது, யாரும் தொடாமலே.

எங்கள் லேபில் எல்.இ.டி. விளக்குகளுக்குள் கரண்டைச் சீராக்கிக் கொடுக்கும் டிரைவர் பெட்டிகளை நாள் முழுக்க எரியவிட்டு எவ்வளவு சூடாகின்றன என்று பார்ப்பது என் வேலை. பெட்டியில் அங்கங்கே ஒட்டிய ஒயர்கள் எல்லாம் மீட்டருக்குப் போகின்றன. மீட்டரை நான் கையால் தொடுவதில்லை. கம்ப்யூட்டரில் நான் எழுதிய புரோகிராம், கேபிள் வழியாக "எடு" என்று சொல்லும். மீட்டர் ஒவ்வொரு ஒயராகப் போய் அளந்து முடித்துவிட்டு, தனக்குள் இருக்கும் ஸ்டேட்டஸ் ரெஜிஸ்டரில் "முடிந்தது" என்று ஒரு பிட்டை ஏற்றி வைக்கும். ரெஜிஸ்டர் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை, வரிசையாகச் சில விளக்குகள் என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு அர்த்தம். என் புரோகிராம் அந்த விளக்கை எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டே இருக்கும். எரிந்ததும் அளவை வாங்கிக்கொண்டு அடுத்த "எடு" சொல்லும்.

இன்று விளக்கு எரியவே இல்லை. புரோகிராம் காத்திருந்து காத்திருந்து செத்துப்போனது. பெட்டியை ஆறவிட்டு நாளை முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

தெய்வசிகாமணி சார் மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவர்தான் டெக்னிக்கல் மேனேஜர்.

"என்னம்மா ஆச்சு? புரோகிராம்ல கை வச்சியா? கரண்ட் போச்சா? சாப்பிடப் போறப்ப யாரு இருந்தா இங்க?"

முதல் கேள்விக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் நான்காவதுக்குப் போயிருந்தார். "சரிங்க சார்" என்றேன். கேட்ட நான்கில் எதற்கும் அது பதில் இல்லை.

போகும்போது வாசலில் நின்று சொன்னார். "மாசக் கடைசியோட உன் புரொபேஷன் முடியுது. உன்னப் பத்தி நான்தான் எழுதிக் குடுக்கணும். ஒரு டெஸ்ட்டாவது நிக்காம ஓடட்டும், என்ன?"

அந்த "என்ன" கேள்வியா இல்லையா என்று தெரியவில்லை. அதற்கும் "சரிங்க சார்".


மார்ச் 4, செவ்வாய்

காலையில் சார் மீட்டரின் முன்பக்கப் பொத்தானை அமுக்கி எரர் என்னவென்று பார்த்தார். "சேனல் இல்லை" என்று வந்தது. சேனல் என்றால் ஒரு ஒயர் மீட்டரில் வந்து சேரும் இடம்.

"பாரு. இல்லாத சேனலக் கேட்டிருக்க. அது என்ன பண்ணும் பாவம்?"

அது நேற்றைய பிழை இல்லை. மீட்டருக்குள் பிழைகளுக்கு என்று ஒரு க்யூ இருக்கிறது. ரேஷன் கடை க்யூ மாதிரிதான், முதலில் வந்தது முதலில் வெளியே வரும். நடுவில் யாரும் புகமுடியாது என்பது மட்டும் ரேஷன் கடையில் இல்லாத வசதி. ஒரு தடவை கேட்டால் ஆகப் பழைய பிழை ஒன்றைச் சொல்லிவிட்டு, சொன்னதையும் மறந்துவிடும். சனிக்கிழமை பக்கத்து பெஞ்ச் இம்தியாஸ் தூசி தட்டுவதற்காக மீட்டரிலிருந்து ஒயர்கள் செருகியிருக்கும் ஒரு கார்டை உருவினபோது என் புரோகிராம் அந்தச் சேனலைக் கேட்டது. அந்தப் பிழை க்யூவில் உட்கார்ந்திருந்து இன்றைக்கு வெளியே வந்திருக்கிறது.

இதையெல்லாம் மனசுக்குள் ஒரு வாக்கியமாகக் கோத்து முடிப்பதற்குள் சார் காரைப் பூட்டினோமா என்று பார்க்கப் போய்விட்டார். தினமும் பூட்டுவார், தினமும் திரும்பிப் போய் கைப்பிடியை இழுத்துப் பார்ப்பார்.

"சனிக்கிழம செத்ததுக்கு செவ்வாக்கிழம ஒப்பாரியா மேடம்?" என்றார் இம்தியாஸ். ஆனால் மாடிக்குப் போய், கார்டை உருவினது தான்தான் என்று சொல்லிவிட்டும் வந்தார்.

"சார் என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"'நீ எதுக்குப்பா அந்தப் புள்ளைக்குப் பரிஞ்சுட்டு வர்ற'ன்னாரு. நான் 'சரிங்க சார்'னு வந்துட்டேன். உங்ககிட்ட இருந்து ஒட்டிக்கிச்சு."


மார்ச் 5, புதன்

நின்றது.

நோன்பு மாதம். இம்தியாஸ் டீக்கு வருவதில்லை. எனக்கும் இந்த மாதம் டீ அவ்வளவாகப் பிடிக்கவில்லை.


மார்ச் 6, வியாழன்

மீட்டரின் மேனுவலில் பிழை எண்களின் அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தேன். கதைப்புத்தகம் மாதிரி இருக்கிறது. ஒவ்வொரு எண்ணுக்குள்ளும் ஒரு ஆள்.

மைனஸ் 410 என்று ஒன்று. மீட்டரிடம் ஒரு கேள்வி கேட்கிறோம். அது பதிலைத் தயார் செய்து, வெளியே கொடுக்கும் க்யூவில் எடுத்து வைக்கிறது. அந்தப் பதிலை வாங்காமலே அடுத்த கேள்வியைக் கேட்டுவிட்டால், மீட்டர் முதல் பதிலைத் தூக்கி எறிந்துவிட்டு இந்தப் பிழையைப் பதிந்துகொள்ளும்.

மீட்டருக்கு இதைப் பதிந்துகொள்ளவாவது ஒரு இடம் இருக்கிறது. இம்தியாஸிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு மாடியைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

மாலை சார் இறங்கி வந்து, "ஏப்பா இம்தியாஸ், அந்த சாம்பிள் முடிஞ்சுதா? ரிப்போர்ட் அடிச்சாச்சா? கஸ்டமர் போன் பண்ணானா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

"நானூத்திப் பத்து," என்றார் இம்தியாஸ், மீட்டரைத் துடைத்தபடி.

"ரெண்டு தடவ," என்றேன். நான் வேலை நேரத்தில் அடித்த முதல் ஜோக் இதுவாக இருக்கலாம்.


மார்ச் 8, சனி

சாம்பிள் வாங்கும் கவுன்ட்டரில் இருக்கும் பிரேமா அக்கா மீட்டரைச் சுற்றி வந்து பார்த்தார். "கண்ணு பட்டிருக்கு புள்ள. போன வாரம் அந்த ஆடிட்டர் வந்து 'ஆஹா ஆஹா'ன்னு பார்த்துட்டுப் போனான் பாரு, அவன்தான்." மீட்டர் மேல் ஒரு எலுமிச்சம்பழம் வைத்தார்.

சார் வந்து பழத்தைப் பார்த்தார். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். "காத்து போற ஓட்டைய அடைக்காம வைங்க," என்று கொஞ்சம் நகர்த்தி வைத்துவிட்டு, திரும்பி வந்து நகர்ந்ததா என்று பார்த்தார்.

பிரேமா அக்கா என் காதுக்குள் கேட்டார். "ஏன் கண்ணு, செக்யூரிட்டிய அண்ணாங்கற, டீக்காரன அண்ணாங்கற, ஏசி மெக்கானிக்க அண்ணாங்கற. அந்த இம்தியாஸ மட்டும் 'இங்க பாருங்க, இங்க பாருங்க'ன்னு கூப்பிடறயே, என்ன கணக்கு?"

கணக்கு ஒன்றும் இல்லை. வேலை விஷயமாகப் பேசும்போது உறவுமுறை எதற்கு என்று தோன்றியிருக்கும்.

அம்மா ஊரிலிருந்து பேசினாள். காங்கேயத்தில் கொப்பரைக் களத்தில் வேலை முடிந்து வந்திருந்தாள். வேலை எப்படி என்று கேட்டாள். மெஷின்கிட்டப் பேசற வேலை, அது இப்போது பதில் சொல்ல மாட்டேன் என்கிறது என்றேன்.

"ஊட்டுல நீ எங்களுக்குப் பதில் சொன்னயா? இப்பத் தெரியுதா?" என்றாள். பின்னால் அப்பா சிரிப்பது கேட்டது. வீட்டிலேயே முதலில் காலேஜ் படித்த பிள்ளை நான் என்பதால், என்னைக் கிண்டல் செய்வதுகூட அவர்களுக்குப் பெருமையாக இருக்கிறது. வேலை போய்விடலாம் என்று இவர்களிடம் எப்படிச் சொல்வது?


மார்ச் 11, செவ்வாய்

நேற்றும் இன்றும் சார் இல்லை. கோபியில் தங்கை வீட்டுக் கிரகப்பிரவேசம். இரண்டு நாளும் மீட்டர் காலையிலிருந்து மாலை வரை ஓடியது. தண்ணீர் மாதிரி ஓடியது.

பிரேமா அக்கா எலுமிச்சம்பழத்துக்குக் குங்குமம் வைத்தார்.

சார் போன் செய்துகொண்டே இருந்தார். "ஓடுதா? நெசமா ஓடுதா? பக்கத்துல போய்ப் பார்த்துட்டுச் சொல்லு." பின்னால் நாதஸ்வரம் கேட்டது.


மார்ச் 12, புதன்

சார் வந்தார். நின்றது.

"நான் இல்லாதப்ப ஓடுச்சுன்னு சொன்னதெல்லாம் நெசமாம்மா?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் பரவாயில்லை. சந்தேகமாகக் கேட்டார். பதிவான அளவுகளை எடுத்துக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றி, துடைத்து, மறுபடி பார்த்தார்.

பிரேமா அக்கா பழத்தை மாற்றினார். பழைய பழம் சக்தி இழந்துவிட்டதாம்.

எனக்கு ஒரு சந்தேகம். எழுதவே கூச்சமாக இருக்கிறது. பழத்தை நம்புகிற பிரேமா அக்காவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று ஆகிவிடும். ஆனாலும் போன மாதம் சார் சென்னைக்குப் போன அன்றும் மீட்டர் ஓடியது. அவருக்குப் பல் பிடுங்கி வீட்டில் இருந்த அன்றும் ஓடியது.


மார்ச் 14, வெள்ளி

தெரிந்துவிட்டது!

ரிப்போர்ட்டில் கையெழுத்து வாங்க மாடிக்குப் போனேன். சார் போனில் யாரோ ஒரு கஸ்டமரிடம் மன்றாடிக்கொண்டிருந்தார். உட்காரச் சொல்லிக் கை காட்டினார். நான் நின்றேன். நின்றதால் அவருடைய கம்ப்யூட்டர் திரை தெரிந்தது.

திரையின் மூலையில் ஒரு குட்டி விண்டோ. மீட்டர் கம்பெனியே கொடுக்கிற சாஃப்ட்வேர். இருக்கிற இடத்திலிருந்தே மீட்டரைக் கேட்கலாம். அதில் "ஸ்டேட்டஸ்" என்று ஒரு பொத்தான். சார் போனில் பேசிக்கொண்டே அதை அமுக்கினார். விளக்குகளின் படம் வந்தது. அமுக்கினார். போனில் "கட்டாயமா அனுப்பறேங்க" என்றார், அமுக்கினார். பேனா மூடியைச் சிலர் டக் டக் என்று திறந்து மூடுவார்கள் இல்லையா, அப்படி. மனசில் கவலை வரும்போதெல்லாம் அவர் கை அங்கே போகிறது.

அந்த ரெஜிஸ்டருக்கு ஒரு குணம் உண்டு. படித்தால் அழிந்துவிடும். யார் படித்தாலும்.

எதிர் பேக்கரியில் ஆர்டர் ரெடியானதும் மாஸ்டர் பலகையில் சாக்பீஸால் எழுதுகிறார், படித்தவர் அழித்துவிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். நான் பஃப்ஸுக்குக் காத்திருக்கிறேன். "ரெடி" என்று எழுதுகிறார். நான் திரும்புவதற்குள், பஃப்ஸே வேண்டாத ஒருவர், கடை ஒழுங்காக நடக்கிறதா என்று தெரிந்துகொள்ள வந்தவர், அதைப் படித்துவிட்டு "ஆ, நல்லா நடக்குது" என்று அழித்துவிட்டுப் போகிறார். நான் காலிப் பலகையைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். பஃப்ஸ் ஆறுகிறது.

அதேதான். மீட்டர் வேலையை முடித்து விளக்கை ஏற்றுகிறது. என் புரோகிராம் எட்டிப் பார்ப்பதற்கு ஒரு கண் இமைப்புக்கு முன்னால் சாரின் பொத்தான் அதைப் படித்துவிட்டால், விளக்கு அணைந்துவிடுகிறது. எல்லா அமுக்கலும் அப்படிச் சரியாகப் போய் விழாது. ஆனால் அவர் அமுக்குகிற அமுக்கலுக்கு, ஒரு நாளில் ஒன்றாவது விழாமல் இருக்காது.

மீட்டர் நிற்குமோ என்று பயந்து பார்க்கிறார். பார்ப்பதால் நிற்கிறது. நின்றதால் இன்னும் பார்க்கிறார்.

போனை வைத்துவிட்டு, "என்னம்மா? கையெழுத்தா? டெஸ்ட் ஓடுதா? ஏன் சிரிக்கற?" என்றார்.

"சரிங்க சார்."


மார்ச் 15, சனி

ஆதாரமில்லாமல் சொல்லக்கூடாது என்று சோதித்துப் பார்த்தேன். மீட்டரை ஒரு தடவை படித்தேன், விளக்கு எரிந்தது. உடனே மறுபடி படித்தேன், இல்லை. இம்தியாஸும் பார்த்தார். வயிற்றைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

"நோன்பு வச்சிருக்கறவன இப்படிச் சிரிக்க வைக்காதீங்க மேடம், தண்ணி தாகம் எடுக்குது."

"சார்கிட்ட எப்படிச் சொல்றது?"

"சொல்லணும்னு என்ன? அவரு ரூம் லேன் கேபிள் கீழ இந்த நெட்வொர்க் பெட்டியிலதான் வந்து சேருது. லேசா இழுத்து விட்டா..."

"சீ. நான் அப்படிப்பட்டவ இல்ல."

உண்மையிலேயே நான் அப்படிப்பட்டவள் இல்லை.


மார்ச் 17, திங்கள்

இன்று லேபுக்கு முதலில் வந்தது நான். வரும்போதே சார் அறைக்குப் போகும் கேபிள் லூஸாக இருந்தது. லூஸான ஒயர் எதையும் தகுதியானவர் வராமல் தொடக்கூடாது என்று சுவரில் பாதுகாப்பு விதி ஒட்டியிருக்கிறது. விதியை மதித்தேன்.

டெஸ்ட் முழுதாக ஓடியது.

ஆனால் விண்டோ வேலை செய்யாததால் சாருக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவரே இறங்கி வந்துவிட்டார். மீட்டர் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். கையை என்ன செய்வது என்று தெரியாமல் எலுமிச்சம்பழத்தை உருட்டிக்கொண்டிருந்தார். எழுந்து போவார், படியில் பாதி ஏறிவிட்டுத் திரும்பி வருவார். மாலைக்குள் அவருக்கு மூட்டு வலி வந்துவிட்டது. பாவமாக இருந்தது. கொஞ்சம்தான்.

"ஓடிருச்சேம்மா!" என்றார் கடைசியில், குழந்தை மாதிரி.


மார்ச் 18, செவ்வாய்

கம்ப்யூட்டர் பார்க்கிற பையனைக் கூப்பிட்டுக் கேபிளைச் செருகிவிட்டார்கள். "எலி இழுத்திருக்கும் சார்," என்று அவன் சொன்னானாம். இம்தியாஸ் இன்று பூரா என்னைக் கடக்கும்போதெல்லாம் கீச் கீச் என்று சத்தம் கொடுத்தார்.

பதினோரு மணிக்கு மீட்டர் நின்றது.

"நேத்து ஓடினது லக்குதான் போல," என்றார் சார். முகம் வாடிவிட்டது. 27ஆம் தேதி ஓசூரிலிருந்து கஸ்டமர் கம்பெனியின் தர அதிகாரி நேரில் வருகிறாராம். நாள் முழுக்கக் கூடவே உட்கார்ந்து டெஸ்ட்டைப் பார்ப்பார். அன்று நின்றால் அந்த கம்பெனி வேறு லேபுக்குப் போய்விடும். நானும் வேறு ஏதாவது இடத்துக்குப் போக வேண்டியதுதான்.


மார்ச் 20, வியாழன்

சொல்லிவிடுவது என்று போனேன். பேருந்தில் வரும்போதே ஒத்திகை பார்த்திருந்தேன். "சார், நீங்க அந்தப் பொத்தானை அமுக்கறப்ப ரெஜிஸ்டர் அழிஞ்சிடுது சார்." அவ்வளவுதான். சின்ன வாக்கியம்.

"சார், நீங்க..."

"நான் என்ன? லீவு வேணுமா? உடம்புக்கு என்ன? ஊர்ல எல்லாரும் நல்லா இருக்காங்களா?"

"நல்லா இருக்காங்க சார். நீங்க அந்த..."

"அந்த ஓசூர் அம்மாவுக்கு வெஜ்ஜா நான்வெஜ்ஜா, கேட்டியா? பிரேமா கேட்டாளா?"

கேட்கிறேன் என்று இறங்கி வந்தேன். கீழே இம்தியாஸ் கையால் நான்கு, ஒன்று, பூஜ்யம் காட்டினார்.

வெஜ்ஜாம்.


மார்ச் 22, சனி

இது என்னைப் பற்றிய விஷயம் என்பதால் எழுத மனசில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மேனுவலை மறுபடி எடுத்து உட்கார்ந்தேன். வேலை முடிந்ததா என்று தெரிந்துகொள்ள மீட்டரில் இரண்டு வழி இருக்கிறது. ஒன்று, நான் செய்கிற வழி. "முடிந்ததும் பொது விளக்கை ஏற்று" என்று சொல்லிவிட்டு, தூரத்தில் நின்று எட்டிப் பார்த்துக்கொண்டே இருப்பது. அந்த விளக்கு ஊருக்கே பொது, யார் வேண்டுமானாலும் அணைக்கலாம். இன்னொன்று, "முடிந்ததா?" என்று நேராகக் கேட்டுவிட்டுச் சும்மா காத்திருப்பது. வேலை முடிகிற வரைக்கும் மீட்டர் பதில் சொல்லாது. முடிந்ததும் ஒரு "1" தரும். அந்தப் பதில் கேட்டவருக்கான க்யூவில் வந்து விழும். மாடியிலிருந்து யார் என்ன அமுக்கினாலும் அதைத் தொட முடியாது.

காலேஜிலிருந்தே எட்டிப் பார்க்கிற வழியைத்தான் பழகியிருக்கிறேன். கேட்கிற வழி அதே பக்கத்தில், அடுத்த பத்தியில் இருக்கிறது. நான் தாண்டிப் போயிருக்கிறேன்.

சார் அமுக்கினது பாதித் தப்பு. மீதிப் பாதி என்னுடையது.

மாற்றியதென்னவோ ஒரே வரி.


மார்ச் 24, திங்கள்

ஓடுகிறது. சார் மாடியில் இருக்கும்போதே. கேபிள் இறுக்கமாக இருக்கும்போதே.

இருந்தாலும் 27ஆம் தேதிக்கு முன்னால் நன்றாகச் சோதித்துவிட வேண்டும் அல்லவா. மாடிக்குப் போனேன்.

"சார், மீட்டர் சரியா இருக்கான்னு ஒருதடவ பாத்துச் சொல்றீங்களா சார்?"

இப்படி யாரும் அவரிடம் கேட்டதில்லை போலிருக்கிறது. முகம் மலர்ந்துவிட்டது. அமுக்கினார். "சரியா இருக்கும்மா."

"இன்னொரு தடவ சார்?"

அமுக்கினார்.

"எதுக்கும் இன்னும் ரெண்டு தடவ சார்."

"நீயும் என்ன மாதிரியே ஆயிட்ட," என்றார் பாசமாக. அமுக்கித் தள்ளினார். கீழே டெஸ்ட் அசையாமல் ஓடிக்கொண்டிருந்தது. மதியமும் போய்க் கேட்டேன். சாயங்காலமும் கேட்டேன். அவருடைய விரல் வலித்திருக்கும். வேலைக்காகத்தான் கேட்டேன்.


மார்ச் 27, வியாழன்

ஓசூரிலிருந்து வந்தவர் ஜெசிந்தா மேடம். ஐம்பது வயதிருக்கும். பேசுவது குறைவு. மீட்டர், ஒயர், பெட்டி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு எலுமிச்சம்பழத்தைப் பார்த்தார். "இதுக்கு காலிப்ரேஷன் எப்ப பண்ணீங்க?" என்றார், கருவிகளின் அளவைச் சரிபார்த்த தேதி கேட்கிற அதே குரலில். பிரேமா அக்கா பழத்தை முந்தானையில் மறைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சார் அவரைத் தன் அறைக்கு அழைத்துப் போய் விண்டோவைக் காட்டினார். நானும் இம்தியாஸும் ரிப்போர்ட் தாள்களோடு பின்னால் நின்றோம். சார் ஒரு அமுக்கு அமுக்கி விளக்குகளைக் காட்டினார்.

"உங்க மீட்டர் அடிக்கடி நின்னுடுதுன்னு கேள்விப்பட்டேனே?" என்றார் மேடம்.

"இப்ப இல்லீங்க. காரணம் என்னன்னா, நான் கண்ண எடுக்கறதே இல்ல. நாம பாத்துட்டே இருந்தா மெஷினும் ஒழுங்கா இருக்குமுங்க."

இம்தியாஸுக்கு இருமல் வந்தது. நோன்பு நேரத்தில் தண்ணீரும் குடிக்க முடியாமல் வெளியே ஓடினார். நான் தாள்களை முகத்துக்கு நேராகப் பிடித்துக்கொண்டேன்.

டெஸ்ட் முடிந்தது. ஒரு அளவுகூடத் தவறவில்லை. மேடம் கையெழுத்துப் போட்டுவிட்டு என்னைப் பார்த்து, "புரோகிராம் நீங்களா?" என்றார். ஒரே கேள்வி. கேட்டுவிட்டுக் காத்திருந்தார்.

"ஆமாங்க மேடம்," என்றேன். எவ்வளவு சுலபமாக வந்தது.


மார்ச் 28, வெள்ளி

பிரேமா அக்கா மதியம் என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "சார் ஆபீஸ்ல சொல்லிட்டிருந்தாரு கண்ணு. உனக்கு புரொபேஷன் இன்னும் மூணு மாசம் நீட்டறாங்களாம். மீட்டர் அத்தன நாள் நின்னதுல்ல, அதனால."

டிபன் பாக்ஸை மூடி வைத்தேன்.

இம்தியாஸ் கிண்டல் செய்யவில்லை. "நான் போய்ப் பேசட்டுமா?" என்றார்.

"வேண்டாம். இங்க பாருங்க, வேண்டாம்."

ஒரு வாரமாக நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று யோசித்தேன். சார் மேஜையில் என் பெயர் போட்ட ஃபைல் இருக்கிறதா என்று பார்த்தேன். பிரேமா அக்கா முகத்தைப் பார்த்தேன். சார் குட்மார்னிங் சொல்கிற விதத்தைப் பார்த்தேன். யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.


மார்ச் 29, சனி

திங்கள் ரம்ஜான் லீவு. செவ்வாய் ஒன்றாம் தேதி. இன்றைக்கு விட்டால் இல்லை.

எல்லோரும் கிளம்புகிற நேரத்தில் மாடிக்குப் போனேன். சார் டிராயரைப் பூட்டி இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னம்மா? கிளம்பலையா? மீட்டர ஆஃப் பண்ணியா? கீழ லைட்டு?"

நான் பேசாமல் நின்றேன். அவர் நிறுத்துகிற வரைக்கும் நின்றேன். பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னேன். "கிளம்பல சார். மீட்டர் ஆஃப். லைட்டு ஆஃப். எனக்கு மூணு மாசம் நீட்டறதாக் கேள்விப்பட்டேன். ஏன் சார்?"

சார் நாற்காலியில் உட்கார்ந்தார். "அதும்மா... அத்தன நாள் நின்னுச்சில்ல. உன் புரோகிராம் செட் ஆக டைம் எடுத்துச்சு. எழுதறப்ப அதையும் எழுதணுமில்ல."

"நின்னதுக்குப் பாதிக் காரணம் என் புரோகிராம்தான் சார். அதச் சரி பண்ணிட்டேன். மீதிப் பாதி இந்த விண்டோ."

"எந்த விண்டோ?"

காட்டினேன். கீழே போய் மீட்டரை மறுபடி ஆன் செய்து, ஒரு அளவு எடுக்கச் சொல்லிவிட்டு வந்து அவரையே அமுக்கச் சொன்னேன். விளக்கு எரிந்தது. மறுபடி அமுக்கச் சொன்னேன். இல்லை.

"எங்கம்மா போச்சு?"

"நீங்க பாத்துட்டீங்க சார். பாத்தா அழிஞ்சிடும். என் புரோகிராம் அதப் பாக்கக் காத்துட்டிருந்துச்சு."

இன்னொரு முறை எடுக்கச் சொன்னார். எரிந்தது, இல்லை. இன்னொரு முறை. பிறகு கையை மவுஸிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கோபி, சென்னை, பல் பிடுங்கிய நாள் எல்லாம் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவது தெரிந்தது.

"அந்த ஓசூர் அம்மாகிட்ட நான் என்னென்னமோ சொன்னேனே," என்றார். அவர் காது சிவந்திருந்தது.

நான் சிரிக்கவில்லை. இது உண்மை.

"ஏம்மா, இத நீ முன்னாடியே சொல்லலாமில்ல?"

"ரெண்டு தடவ ஆரம்பிச்சேன் சார்."

அவர் மவுஸைத் தள்ளி வைத்தார். "இங்க ஒரு வழக்கம்மா," என்றார். "ஆறு மாசம் முடிஞ்சதும் வந்து கேக்கறவங்களுக்குப் போட்டுக் குடுத்துருவேன். கேக்காதவங்கள அவங்களுக்கே சந்தேகம் போலன்னு மூணு மாசம் தள்ளிருவேன். இம்தியாஸ் அஞ்சாவது மாசமே வந்து கேட்டான். நீ கேக்கவே இல்ல."

"இப்பக் கேக்கறேன் சார். என்னை நிரந்தரம் பண்ணுவீங்களா?"

கேட்டுவிட்டு நின்றேன். வழக்கமாக இந்த இடத்தில் "பரவால்லைங்க சார், நீங்க மெதுவாப் பாருங்க" என்று நானே சொல்லிவிட்டு ஓடிவிடுவேன். வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினேன். ஏசி ஓடிக்கொண்டிருந்தது. சார் பேனாவை எடுத்தார், வைத்தார். போனைப் பார்த்தார். நான் நின்றேன்.

"பண்றேம்மா," என்றார். "செவ்வாக்கிழம வந்து லெட்டர் வாங்கிக்க."

"இன்னைக்கே குடுத்துடுங்க சார்."

"பிரேமா போயிருப்பாளே. யாரு டைப் அடிப்பா?"

"நான் அடிக்கறேன் சார். நீங்க சொல்லுங்க."

அவர் எழுந்தார். நான் அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். குட்டி விண்டோ வழியில் இருந்ததால் அதை மூடினேன். அவர் பின்னால் நின்றுகொண்டு இங்கிலீஷில் சொல்லச் சொல்ல அடித்தேன். ரேணுகாதேவி என்று என் பெயர், எந்தத் தேதியிலிருந்து, என்ன பதவி. இவருடைய வேலை "குட்" என்றார். "வெரி குட்" என்று அடித்தேன்.

தாள் பிரிண்டரிலிருந்து சூடாக வந்தது. சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு முழுக்கப் படித்தார். பிறகு மேலிருந்து மறுபடி படித்தார். ஒரு இடத்தில் விரல் நின்றது.

"நான் 'வெரி'ன்னு சொன்னேனாம்மா?"

"இல்லீங்க சார்."

எழுந்து அவருக்கு நாற்காலியை விட்டுவிட்டுக் காத்திருந்தேன். சார் பேனா மூடியைத் திறந்தார்.